உன் பேச்சில் நான் திருத்தாமல் விட்டவை

மகளுக்கு,

எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டேன். ஒற்று விடுபட்ட இடங்கள், ரகர றகரத் தடுமாற்றம், 'நான்' என்று தொடங்கி 'நாங்கள்' என்று முடிந்த ஒரு வசனம். சனிக்கிழமை நகர மண்டபத்தில் நீ வாசிக்கப்போகும் பேச்சு இப்போது நல்ல தமிழில் இருக்கிறது. அதில் உண்மை மட்டும் இல்லை. அதையும் திருத்தித் தரும்படி நீ கேட்கவில்லை.

'சிறந்த மாணவராவது எப்படி?' தலைப்பை உன் பழைய ரியூசன் சேர்தான் தந்திருப்பார். நீ இங்கிலாந்துக்குப் போவதற்கு முன் ஒருமுறை பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து உன்னைப் பேசவைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிள்ளைகள் உன்னைப் பார்க்க வேண்டும். உன்னைப் பார்த்துவிட்டு அவரிடம் சேர வேண்டும். அது அவருடைய தொழில், எனக்குக் கோபமில்லை. நீ ஐந்து வழிகள் எழுதியிருக்கிறாய். அதிகாலை நான்கு மணிக்கு எழும்புதல். நேர அட்டவணை. கைத்தொலைபேசியைத் தொடாமை. கடந்தகால வினாத்தாள்களைச் செய்தல். கடவுள் நம்பிக்கை. அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். ஆனால் அந்த வருடங்களில் நான் உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவள்.

நான்கு மணிக்கு நீ எழும்பியதை நான் கண்டது ஒரே தரம், வெருகல் திருவிழாவுக்கு முதல் பஸ் பிடிக்கப்போன அன்று. மற்ற நாளெல்லாம் ஆறரைக்கு நான் போர்வையை இழுப்பேன், நீ அதன் மறு நுனியைப் பிடித்திருப்பாய். நல்ல நித்திரை கொண்ட பிள்ளை நீ. நீ படித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எழுதியிருந்தால் கைதட்டியிருப்பேன். அட்டவணை கீறினாய், ஓம். வெள்ளை மட்டையில், பாடத்துக்கு ஒரு நிறமாக. கீறி முடிக்க ஒரு வார இறுதி போனது. அந்த வார இறுதியில் வேறொன்றும் படிக்கவில்லை. பிறகு அது அலுமாரிக் கதவில் ஒட்டியபடி வெளிறியது. இரசாயனவியல் என்று பச்சையில் எழுதியிருந்த நேரத்தில் நீ குசினி நிலத்தில் கிடந்து சிரித்துக்கொண்டிருப்பாய். கைத்தொலைபேசி என்னுடையது, அதை உன்னிடமிருந்து பறிப்பதே எனக்கு வேலையாக இருந்தது. வினாத்தாள் செய்தாய், அது உண்மை. பிள்ளையாரோடு நீ நடத்தியது பேரம். நம்பிக்கை என்று பிள்ளையாரே ஒத்துக்கொள்ள மாட்டார்.

யாருக்கு இதனால் நட்டம் என்று கேட்பாய். மேடையில் எல்லாரும் சொல்வதுதானே. மரக்கறிச் சந்தையில் இன்றைக்கும் என்னை மறித்துக் கேட்கிறார்கள், உங்கட மகள் எப்பிடிப் படிச்சவ எண்டு. அவர்களுடைய பிள்ளைகள் அந்த மண்டபத்தில் இருக்கும். உன் பேச்சைக் கேட்ட பிள்ளை மணிக்கூட்டில் நான்கு மணிக்கு அலாரம் வைக்கும். சில நாள் எழும்பி, சிவந்த கண்ணோடு வகுப்பில் தூங்கி விழும். பிறகு எழும்பாது. தனக்கு ஏலாது என்று முடிவெடுக்கும். தன்னிடம் ஏதோ குறை என்று நம்பும். அந்தக் குறையை அதற்குக் கொடுத்தது நீ. நீயோ அந்த நேரம் குறட்டை விட்டவள். அதனால்தான் இந்தக் கடிதத்தை மூடி அனுப்பவில்லை. சந்தையில் கேட்கிறவர்களும் வாசிக்கட்டும்.

நீ எப்படிப் படித்தாய் என்பது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். உன் பேச்சில் அவளுடைய பெயர் ஓரிடத்திலும் இல்லை.

சஃப்னா. பத்தாம் ஆண்டில் கிண்ணியாவிலிருந்து உங்கள் பாடசாலைக்கு வந்தவள். பாலம் கடந்து பஸ்ஸில் வந்து போவாள். விஞ்ஞான ரீச்சர் உங்கள் இருவரையும் ஒரே வாங்கில் இருத்தினார். பாடசாலை விட்டு அவளுடைய பஸ் வரும்வரை வெயிலில் நிற்க வேண்டாம் என்று நீதான் கூட்டிவந்தாய். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இரண்டு பேரும் மூச்சு வாங்க ஏறி வருவீர்கள். குசினியில் மட்டும்தான் நிலம் குளிர்ந்திருக்கும். அங்கே இருந்து படிக்கத் தொடங்கியது அதனால்தான், வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. புத்தகம் ஒருத்தியின் மடியில், மற்றவளின் கை வெறும் கை. மடியில் புத்தகம் உள்ளவள் கேட்பாள். வெறும் கை உள்ளவள் சொல்ல வேண்டும். தோற்றவள் தேத்தண்ணி போட வேண்டும். அந்த வருடங்களில் என் வீட்டுச் சீனி போன வேகம் எனக்குத்தான் தெரியும்.

ஒருநாள் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வேர் எப்படித் தண்ணீர் எடுக்கிறது என்று அவள் கேட்டாள். நீ கண்ணை மூடி, பிரசாரணம் என்றாய். கேட்கவே பெருமையாக இருந்தது.

"அது பேர்," என்றாள் சஃப்னா. "நான் எப்பிடி எண்டு கேட்டனான்."

நீ வரைவிலக்கணத்தைச் சொன்னாய். முழுவதும், காற்புள்ளி அரைப்புள்ளியோடு.

"விளங்கேல்ல."

"புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு."

"புத்தகம் எனக்கிட்டத்தான் இருக்கு. புத்தகத்துக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கேல்ல."

நீ சொண்டைக் கடித்தாய். கோபம் வந்தால் செய்வது. பிறகு எழும்பி என்னுடைய உருளைக்கிழங்குகளை எடுத்து நீளம் நீளமாக வெட்டி, ஒரு கோப்பையில் உப்புத் தண்ணீரும் ஒரு கோப்பையில் வெறும் தண்ணீருமாகப் போட்டாய். இரண்டு பேரும் முழங்காலில் இருந்து அந்தக் கோப்பைகளைப் பார்த்தீர்கள். பஸ் போய்விட்டது, அவளுக்கு நினைவில்லை. உப்பில் கிடந்த துண்டு தளர்ந்து தொங்கியபோது அவள் அதைத் தூக்கிப் பிடித்து, இது உன்ர கொண்டை மாதிரி இருக்கடி என்றாள். அன்று இரவு அந்தக் கிழங்குக் கறி உவர்ப்பு. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பின்னேரத்தைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். ஒன்பதாம் ஆண்டுவரை நீ கெட்டிக்காரி. கெட்டிக்காரி என்றால், விளங்காததை விளங்கியது போலச் சொல்லத் தெரிந்தவள். அதற்கு நாங்கள்தான் கைதட்டினோம். விளங்கவில்லை என்று ஒருதரம் சொன்னால் அந்தப் பெயர் போய்விடும் என்று உனக்குப் பயம். சஃப்னாவிடம் அந்தப் பயம் இருக்கவில்லை. அவளுக்கு அந்தச் சொல் வாயில் கூச்சமில்லாமல் வரும், பசிக்கிறது என்று சொல்வதுபோல. அவளுக்கு விளங்கவைக்கப் போய்த்தான் உனக்கு எது விளங்கவில்லை என்று உனக்கே தெரிந்தது. ஒரு பதிலுக்காக ஒருத்தி உண்மையாகக் காத்திருக்கிறாள். பிழையாகச் சொன்னால் சிரிப்பாள், ஆனால் அதை வெளியே போய்ச் சொல்லமாட்டாள். பிழையான பதிலையும் தூக்கிப் பிடித்து, இது ஏன் பிழை என்று இருவரும் பார்ப்பீர்கள். படிப்பு என்று நான் கண்டது அவ்வளவுதான். வயிறு நிறைந்த சாப்பாடு, நித்திரை, கொஞ்சம் வீணாகப் போகும் பின்னேரங்கள், விளங்கேல்ல என்று சொல்ல ஒரு ஆள். நான் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தவள். அங்கே நாலு வருடம் இருந்து நான் பெறாததை என் குசினி நிலத்தில் நீங்கள் சீனி கரைத்துக் கரைத்துப் பெற்றீர்கள்.

அந்த விஞ்ஞான ரீச்சரையும் உன் பேச்சில் காணவில்லை. விடைத்தாளில் பிழைக்குச் சிவப்புப் புள்ளடி போடாமல், இந்தப் பக்கத்தில் ஒரு பிழை இருக்கு, தேடு என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தவர். தெரியாததைத் தெரியாது என்று வகுப்பில் சொல்லி, மறுநாள் தேடிக்கொண்டு வந்து சொன்னவர். நீ சிரித்துக்கொண்டு வீட்டில் வந்து சொன்னாய், ரீச்சருக்கே தெரியாதாம் என்று. ஆனால் அடுத்த நாள் பாடத்துக்குப் போக உனக்கு அவசரமாக இருந்ததும் நினைவிருக்கிறது. அவருக்கு யாரும் பதாகை கட்டவில்லை.

சாதாரண தரப் பரீட்சையில் இருவருக்கும் எல்லாப் பாடத்திலும் ஏ. உயர்தரத்துக்கு இருவரும் உயிரியல். அதுவரை எல்லாம் சரி.

பிறகு ஸ்பெஷல் வகுப்பு. மருத்துவம் கிடைக்கும் என்று சேருக்குத் தோன்றிய நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். சஃப்னாவைக் கூப்பிடவில்லை. பின்னேர வகுப்பு முடிந்தால் அவளுக்குப் பஸ் இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கே சேர் உங்களுக்குச் சொன்ன முதல் பாடத்தை நீ இரவு சாப்பாட்டில் எனக்குச் சொன்னாய். பல்கலைக்கழக இடங்கள் மாவட்டத்துக்கு இத்தனை என்று பிரித்தே வருகின்றன. கொழும்புப் பிள்ளையோடு உங்களுக்குப் போட்டி இல்லை, யாழ்ப்பாணப் பிள்ளையோடும் இல்லை. பக்கத்து வாங்கில் இருக்கிறவவோடதான் போட்டி. இதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு புது வெளிச்சம். கணக்கு விளங்கிய வெளிச்சம். நான் என் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

கணக்கு பொய்யில்லை. பின்தங்கிய இடத்துப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் அந்த முறை வந்தது. எங்களைப்போல எத்தனையோ வீடுகள் அதனால் தலை நிமிர்ந்தன. ஆனால் அதை ஒரு பதினெட்டு வயதுக்காரியின் காதில் இப்படி ஓதினால், அவள் முதலில் பார்ப்பது தன் பக்கத்தில் இருப்பவளைத்தான். வேறு ஊர்களில் பிள்ளைகள் யாரென்று தெரியாத ஆயிரம் பேரோடு ஓடுகின்றன. இங்கே தேத்தண்ணி ஊற்றித் தந்தவளோடு ஓட வேண்டும்.

நான் உன்னோடு சண்டை பிடித்தேன். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததால்தான் நீ படித்தாய், அதை விட்டால் நீயும் நிற்பாய் என்றேன். நீ கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாய்.

"நீங்க மெய்யியல் படிச்சு என்ன கண்டனீங்க, அம்மா? கந்தோரில இருக்கக் கதிரையும் இல்ல."

உண்மைதான். பட்டதாரிகளை மொத்தமாக வேலைக்கு எடுத்த காலம் அது. எங்கள் கந்தோரில் ஆட்களை விடக் கதிரை குறைவு. முறை வைத்துக் கதிரையில் இருந்தோம். முறை வராத நேரம் நான் யன்னலோரம் நின்று உட்துறைமுகத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களைப் பார்ப்பேன். அவையும் ஏதோ ஒரு முறைக்குத்தான் காத்து நிற்கின்றன என்று நினைப்பேன். இதை ஒருநாள் பகிடியாக வீட்டில் சொன்னவள் நான்தான். நீ அதைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்து எறிந்தாய். அதற்குப் பிறகு நான் உன் படிப்பைப் பற்றிக் கதைக்கவில்லை. பேச்சிலும் இதை எழுதலாம் நீ. பெற்றாரின் வாயை மூடுவது எப்படி.

இனி ஒன்று சொல்லப்போகிறேன். நீ அன்று வீட்டில் இல்லை, ஸ்பெஷல் வகுப்பில் இருந்தாய். அதனால் இதன் பாதிதான் உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. பின்னேர வெயில். நான் முற்றத்தில் தும்புத்தடியோடு நின்று வேப்பஞ்சருகு கூட்டிக்கொண்டிருந்தேன். ஏற்றத்தில் சஃப்னா வந்துகொண்டிருந்தாள், கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி. அவள் உன்னைத் தேடி வந்து கிழமைக் கணக்காகியிருந்தது. படலையைத் திறந்தவள் என்னைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"அன்ரி, எழும்பிட்டீங்களா? எழும்பவே கூடாது எண்டு டொக்டர் சொன்னவராமே."

எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு எல்லாம் பிடிபட்டது. அம்மாவுக்கு வருத்தம், வீட்டில் இருந்து படிக்க ஏலாது, நீ இனி வரவேண்டாம். அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். வேறு எதைச் சொன்னாலும் அவள் ஏன் என்று கேட்டிருப்பாள். தாய்க்கு வருத்தம் என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நல்ல தேர்வு. நான் உன்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். இப்ப கொஞ்சம் சுகம் மகள் என்றேன். சொன்னது போதாதென்று இருமினேன். நன்றாகவே இருமினேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

சஃப்னா என்னைப் பார்த்தாள்.

"முதுகெண்டுதானே அவ சொன்னவ," என்றாள். "இருமலுமா, அன்ரி?"

குரலில் ஒன்றும் இல்லை. குத்தல் இல்லை, பகிடி இல்லை. தூக்குவாளியைப் படியில் வைத்தாள். என் கையிலிருந்த தும்புத்தடியை மெதுவாக எடுத்தாள். நீங்க இருங்க என்றாள். நான் கதிரையில் இருந்தேன். முதுகு நோவுக்காரி எப்படி இருப்பாளோ அப்படி, ஒரு பக்கம் சரிந்து. அவள் மிச்ச முற்றத்தையும் கூட்டி, சருகைக் குவித்து, தடியைச் சுவரில் சாத்தினாள். உம்மா ஆட்டெலும்புச் சூப் வைத்துத் தந்தவ, மிளகு கூடப் போட்டிருக்கு, சூட்டோடு குடியுங்கள் என்றாள். நான் அவளுக்கு முன்னாலேயே குடித்தேன். நல்ல சூப்.

போகும்போது படலையில் கை வைத்துக்கொண்டு, "அவ வந்தா சொல்லுங்க, அன்ரி. நரம்புத் தொகுதி எனக்கு விளங்கேல்ல எண்டு," என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நீ வந்ததும் சொன்னேன். அதைத்தான் ஸ்பெஷலில் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு நீ கதவைச் சாத்தினாய். சூப்பைப் பற்றி நான் சொல்லவில்லை. இருமியதைப் பற்றியும் சொல்லவில்லை. அவள் மறுபடி வரவில்லை.

முடிவுகள் வந்தன. உனக்கு மருத்துவம். அவளுக்கு வெட்டுப்புள்ளியில் ஒரு மயிரிழை குறைவு. நீ பட்டியலில் எங்கே நின்றாய் என்று உனக்குத் தெரியும். உனக்குக் கீழேயும் ஆட்கள் மருத்துவத்துக்குப் போனார்கள். அவள் உள்ளே வந்திருந்தால் உன்னுடைய கதிரை போயிராது. சேரின் கணக்கில் இந்த வரி இருக்கவில்லை. நரம்புத் தொகுதியில் எத்தனை புள்ளி வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. நகரத்தில் உன் முகம் தொங்கியது. ஒரே படத்தை மூன்று ரியூசன் நிலையங்கள் போட்டிருந்தன. அதில் ஒன்றுக்கு நீ ஒரு கருத்தரங்குக்கு மட்டும் போனவள். பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பசைக்காக, நகரத்துக்குள் திரியும் மான்களில் ஒன்று நக்கிக்கொண்டிருந்தது, உன் நாடியில் இருந்து தொடங்கி. சந்தையால் வந்த நான் நின்று பார்த்தேன். துரத்தவில்லை. அந்தப் பஸ் நிலையத்தில் இறங்கித்தான் அவள் இரண்டாம் தரம் எழுத வகுப்புகளுக்குப் போய் வந்தாள். தனியாக. இரண்டாம் தரமும் வரவில்லை.

நீ வென்றாய், ஆகவே நான் சொன்னது பிழை என்று சில வருடம் இருந்தேன். பிறகு உன் உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஒருநாள் வார்ட்டிலிருந்து அழைத்தாய். அழுதாய். பெரிய டொக்டர் எல்லாருக்கும் முன்னால் உன்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார். நீ நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறாய். அது பெயர், அது எப்படி வருகிறது என்று கேட்டேன் என்றாராம் ஆங்கிலத்தில். உனக்கு விளக்கத் தெரியவில்லை. நீ விம்மிக்கொண்டு இதைச் சொல்லும்போது எனக்கு வெங்காய மணம் வந்தது. நான் உனக்கு ஆறுதல் சொன்னேன். அவர் அப்படித்தான், விடு என்றேன். உண்மையில் நினைத்தது வேறு. உன்னிடம் அப்படிக் கேட்க ஒருத்தி இருந்தாள், அவளை நீ படலையோடு அனுப்பிவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை பரீட்சை எழுதினாய். எல்லாவற்றிலும் சித்தி. விளங்கேல்ல என்ற சொல்லை மட்டும் உன் வாயில் நான் பிறகு கேட்கவில்லை.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சஃப்னா ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். இது உனக்குத் தெரியாமல் இருக்கலாம், நீ கேட்டதில்லை. போன கிழமை எனக்குப் போன் எடுத்தாள். உன் கூட்டத்துக்குத் தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறாளாம். இலங்கைத்துறைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பலர் விடியத் தகப்பனோடு வலையில் மீன் கழற்றிவிட்டுப் பாடசாலைக்கு வருகிறவர்கள். நாலு மணிக்கு எழும்புவதைப் பற்றி அவர்களுக்கு நீ புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

"நான் பிள்ளையளிட்டச் சொல்லிவெச்சிருக்கன், அன்ரி," என்றாள். "டொக்டரும் நானும் உங்களப்போலதான், குசினியில இருந்து ஆளாளுக்குக் கேள்வி கேட்டுப் படிச்சம் எண்டு. நம்புறாங்க இல்ல. அவவிட வாயால கேட்டா நம்புவாங்க."

அவளுடைய வகுப்பில் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக இருக்கிறார்களாம். ஒருவர் மடியில் புத்தகம், ஒருவர் வெறும் கை. விளங்கேல்ல என்று சொன்னவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். அதிபருக்கு இது பிடிக்கவில்லை, சத்தம் கூடவாம். பெற்றாருக்கும் சந்தேகம். ரியூசனுக்குக் காசு கட்ட ஏலாத பிள்ளைகளுக்கு ரீச்சர் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறா என்று கதை. அதனால்தான் உன்னிடம் கூட்டி வருகிறாள். உன்னை நம்பி.

விளங்குகிறதா உனக்கு? நீ மேடையில் ஏறி நான்கு மணி, நிற அட்டவணை என்று வாசித்தால், பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்க்கும். ஒரு பக்கம் டொக்டர். இன்னொரு பக்கம் பஸ்ஸில் வந்து படிப்பிக்கும் ரீச்சர். இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று முடிவெடுக்க அவர்களுக்கு அதிக நேரம் எடுக்காது. திங்கட்கிழமை அவள் அந்த வகுப்புக்குள் போக வேண்டும். நீ அப்போது விமானத்துக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பாய்.

அப்பாவிடம் சொன்னேன். "விடும். பிள்ளை போற நேரம்," என்றார். உவர்ப்புக் கறியைச் சாப்பிட்டவர் அல்லவா, இதையும் சாப்பிடுவார். என்னால் ஏலாது. நீ போவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. இந்த நாட்டில் இருந்து என்ன செய்யப்போகிறாய், போ. நன்றாக இரு. ஆனால் போகிறவர்கள் கொண்டுபோவதற்கும் விட்டுவிட்டுப் போவதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் குசினியைக் கொண்டுபோய்விட்டு நான்கு மணியை இங்கே விட்டுவிட்டுப் போகாதே.

அவளுக்குத் தெரியாதா என்று நீ நினைக்கலாம். தெரியும். தும்புத்தடியோடு நின்ற என்னைக் கண்ட அந்த நிமிடமே தெரியும். அதற்குப் பிறகு எப்போது போன் எடுத்தாலும் அவள் முதலில் கேட்பது, முதுகு எப்பிடி அன்ரி என்றுதான். நானும் பரவாயில்லை மகள் என்பேன். இத்தனை வருடமாக எங்கள் இருவருக்கும் இடையில் என் முதுகு நோகிறது. அவளுக்குத் தெரிந்திருப்பது ஒன்று. அதை உன் வாயால் கேட்பது வேறொன்று.

கடிதத்தில் முதலில் எழுத வேண்டியதைக் கடைசியில் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

அந்தத் தூக்குவாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. குசினி அலுமாரியின் கீழ்த்தட்டில், உன் பழைய சாப்பாட்டுப் பெட்டிக்குப் பின்னால். சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம், அவர்கள் வீட்டிலும் அதுதான். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் எத்தனை தட்டுகள் அப்படிப் போய் வந்திருக்கின்றன. இதை மட்டும் கொடுக்க முடியவில்லை. எதைப் போட்டுக் கொடுப்பதென்று தெரியவில்லை. ஒரு பொங்கலுக்குச் சர்க்கரைப் புக்கை போட்டு மூடினேன். பிறகு திறந்து எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை கொண்டுவருகிறேன். புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறேன், உள்ளே ஒன்றும் இல்லை. சஃப்னாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். கூட்டம் முடிய அதை அவளிடம் கொடுத்துவிடுவேன், வெறுமையாக என்றாலும். நீ பேசி முடிக்கும்வரை அது என் மடியில் இருக்கும். மேடையில் இருந்து பார்த்தால் உனக்குத் தெரியும்.

அம்மா